ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை

உக்காருங்க, உக்காருங்க. இந்தச் சேருக்கு ஆளில்லீங்க. பத்து மணின்னு அழைப்பிதழ்ல போட்டிருக்காங்க, ஆனா தலைமை விருந்தினர் இப்பத்தான் வேற ஏதோ விழாவுல குத்துவிளக்கு ஏத்திக்கிட்டிருக்காராம். மைக்செட்டுக்காரர் சொன்னாரு. எப்படியும் ஒரு மணி நேரம் ஆகுமுங்க. சேரை இப்படித் தள்ளிப் போட்டுக்குங்க, அந்தப் பக்கம் வெயில் வந்துரும்.

ஊருக்குப் புதுசுங்களா? மெம்பர் ஆகலாம்னு வந்தீங்களாக்கும். நல்லதுங்க. உள்ள போய்ப் பாத்தீங்களா? டைல்ஸ் போட்டிருக்காங்க, ஃபேன் எல்லாம் புதுசு. நாலு வருசமா பூட்டிக் கெடந்த கட்டடம்னு சொன்னா நம்புவீங்களா? நான் இங்க நூலகரா இருந்தவனுங்க. சென்னியப்பன்னு பேரு. பத்தொம்பது வருசம். அந்த மேசையில சால்வை அடுக்கியிருக்குது பாருங்க, அதுல ஒண்ணு எனக்காம். என்னோட லெட்டர்னாலதான் இந்தக் கட்டடத்துக்கு விமோசனம் வந்துச்சுன்னு இப்ப இருக்கற அம்மிணி, புது நூலகர், அவங்க சொன்னாங்க. பைலைப் பாத்திருக்காங்க.

பைல்ல இருக்கறது உண்மைதானுங்க. இல்லைன்னு சொல்ல முடியாது.

இது முப்பத்தாறாம் வருசம் கட்டுனது. பின்னால பஞ்சு மில் ஒண்ணு இருந்துச்சு. அந்தத் தொழிலாளிக ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கல்லும் மண்ணும் சுமந்து அவங்களே கட்டுனது. எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தர் பேப்பரைச் சத்தமா வாசிக்க, முப்பது நாப்பது பேரு தரையில உக்காந்து கேப்பாங்களாம். தொழிலாளர் வாசகசாலைன்னு பேரு. அப்புறம் துறை எடுத்துக் கிளை நூலகம் ஆச்சு. மில்லு மூடி, மில்லு இருந்த எடத்துல அபார்ட்மெண்டும் வந்துருச்சு. நீங்க குடியிருக்கறதே அதுலதானோ என்னமோ. இது மட்டும் நின்னுச்சு.

சும்மா புஸ்தகம் வாங்கிட்டுப் போற எடம்னு நெனைக்காதீங்க. காலையில மில்லுல வேலை பாத்த பெரியவங்க வருவாங்க, ஒரே பேப்பரை ஆளுக்கொரு பக்கமாப் பிரிச்சுக்குவாங்க. ரேசன் கார்டு ஃபாரம், வாரிசுச் சான்று ஃபாரம் எல்லாம் எங்கிட்டத்தான் நிரப்பிக்குவாங்க. வீதியில யாராச்சும் தவறிப் போனா நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடறது நானு. பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி, ரெண்டு பக்கமும் தெரியாத மாதர ஒருக்காப் பாத்துக்கலாம்னா இங்கதான் வருவாங்க. பொண்ணு வாரப் பத்திரிகை பெரட்டிக்கிட்டிருக்கும், பையன் எதிர்ல பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். எனக்குத் தெரிஞ்சே எட்டுக் கல்யாணம் அப்படிக் கூடியிருக்குது.

கலைஞ்சு போன கல்யாணமும் ஒண்ணு இங்க வந்துச்சுங்க.

தண்டபாணின்னு ஒருத்தர். கிரைண்டருக்குக் கல்லு கொத்தற பட்டறையில வேலை. சம்சாரம் பேரு சுகந்தி. அது இந்த வீதிப் பொண்ணு, அஞ்சாவது படிக்கறப்பவே இங்க மெம்பர். புஸ்தகத்துக்கு அட்டை போட்டுத் திருப்பிக் குடுக்கற பொண்ணு. அவரு குடிச்சாருங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஒரு தடவை கையும் நீட்டிட்டாரு. அப்புறம் விட்டாரு, சுத்தமா விட்டாரு. ஆனா விட்டுட்டாருன்னு மத்தவங்க நம்பறதுக்குள்ள வக்கீல், கோர்ட்டு எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒரே கொழந்தை, இனியா. ஏழு வயசு. அம்மாகூட இருக்கட்டும், வாரம் ஒருக்கா அப்பா பாத்துக்கட்டும்னு முடிவாச்சு.

எங்க வெச்சுப் பாக்கறதுன்னு அடுத்த சண்டை. கோயில்லன்னு இவரு சொன்னாராம். அது உங்க பங்காளிக கோயிலு, வேண்டாம்னு சுகந்தியோட அண்ணன் சொன்னாராம். பூபதின்னு பேரு. போலீஸ் ஸ்டேசன்ல வெச்சுப் பாக்கட்டும்னிருக்காரு அந்த பூபதி. எம்புள்ளைய ஸ்டேசன்லயா வெச்சுப் பாக்கறதுன்னு இவரு அங்கயே அழுதுட்டாராம். அப்பத்தான் சுகந்தி வாயத் தொறந்திருக்குது.

"லைப்ரரில பாக்கட்டும். அங்க சார் இருப்பாரு."

அந்த சார் நாந்தானுங்க.

உத்தரவுலயே எழுதிட்டாங்க. சுங்கத்தோட்டம் கிளை நூலகத்தின் உள்ளே, ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை. எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான லீவு, ஞாயித்துக்கிழமை தொறந்திருக்கும். தண்டபாணி ஒரு நகல் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்தாரு. "இது உங்ககிட்ட இருக்கட்டும் சார்"னாரு. நான் அதுக்குத் தனியா ஒரு பைல் போட்டு நம்பர் குடுத்து வெச்சேன். எந்தக் காகிதமும் எங்கிட்ட வந்தா தொலையாதுங்க.

மொத ஞாயித்துக்கிழமை அவரு எட்டரைக்கே வந்துட்டாரு. குளிச்சு, விபூதி பூசி, சட்டையில மடிப்புக் கலையாம. பத்து மணிக்கு பூபதி ஸ்கூட்டர்ல கொழந்தையக் கொண்டாந்து விட்டாரு. அது மாமன் காலைக் கட்டிக்கிட்டு உள்ள வரமாட்டேன்னிருச்சு. இவரும் எந்திரிச்சுக் கிட்டப் போகலை. பிள்ளைக பிரிவுல சின்னச் சேரு கெடக்குமுங்க, முழங்கால் உசரம். அதுல உக்காந்துக்கிட்டு, முட்டி ரெண்டும் தாடையில இடிக்க, ஒரு படப்புஸ்தகத்த எடுத்து வெச்சுக்கிட்டு எழுத்துக் கூட்டி வாசிச்சாரு. எட்டாவதோட நின்ன ஆளு. யா... னை... கூட்... டம்னு வாசிக்கறாரு. அரை மணி நேரம் அப்படியே. அப்புறம் கொழந்தை மெதுவா வந்து எதிர்ல நின்னுக்கிட்டுச் சொல்லிச்சு.

"அப்பா, நீ தப்பா வாசிக்கற."

அவ்வளவுதானுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அது வாசிக்கும், இவரு கேப்பாரு. இல்லாட்டி இவரு வாசிப்பாரு, அது திருத்தும். காட்டு மிருகங்களப் பத்தி ஒரு தடிப் புஸ்தகம், நூத்தி எண்பது பக்கம். வாரத்துக்கு ஒரு பக்கம்தான். முடிச்சுட்டா அடுத்தது என்னன்னு கொழந்தை கேட்டுச்சு. முடியட்டும் கண்ணு, முடிஞ்சா சார் எடுத்துக் குடுப்பாருன்னாரு.

நான் கண்டிப்பான ஆளுங்க. அதையும் சொல்லிடறேன். கடலைமிட்டாய் கொண்டாந்தாரு ஒரு வாரம். உள்ள தின்னக் கூடாது, எறும்பு வரும்னுட்டேன். மடிச்சு மறுபடியும் பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு. இன்னொரு நாளு காண்டாமிருகம்னு வர்ற எடத்துல நாக்கு பெரண்டு என்னமோ சொல்லிட்டாரு. கொழந்தை சிரிச்சுது பாருங்க, வயித்தப் பிடிச்சுக்கிட்டு, இவரும் சேந்து சிரிச்சாரு. பேப்பர் படிக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நான் மேசையத் தட்டி, "இது லைப்ரரி"ன்னேன். அன்னைக்கு பன்னண்டு மணி வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கலீங்க. எதிர் எதிரா உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தாங்க. விதின்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே? இவருக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தர் கேப்பாரு.

இப்படி ஒண்ணரை வருசம் போச்சு.

இப்ப கூரை விசயத்துக்கு வர்றேன். பர்மாத் தேக்கு உத்தரம், அதுக்கு மேல செங்கல் அடுக்கின பழைய காலத்துத் தளம். இரும்பாட்ட இருக்கும். வடமேற்கு மூலையில மட்டும் மழைக்கு ஒழுகும். அதுக்குக் கீழதான் பழைய பத்திரிகை பைண்டிங் அடுக்கியிருந்தேன். ஒவ்வொரு ஐப்பசிக்கும் லெட்டர் எழுதுவேன், மேற்படி மூலையில் கசிவு ஏற்பட்டுள்ளது, சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்னு. பதினாறு லெட்டருங்க. ஒண்ணுக்கும் பதில் இல்லை. நானே பக்கெட் வெச்சுத் தண்ணி பிடிச்சு ஊத்தினேன், நானே தார்ப்பாய் வாங்கிப் போட்டேன்.

ஒரு மீட்டிங்ல வேற கிளை நூலகர் ஒருத்தர், என் செட்டு ஆளு, சொன்னாரு. "கசிவுன்னு எழுதினா எவன் வருவான்? உயிர்ச்சேதம்னு எழுதுங்க, ஓடி வருவாங்க."

எழுதினேனுங்க. பதினேழாவது லெட்டர். எனக்கு இப்பவும் மனப்பாடம். "மேற்கூரை எந்நேரமும் இடிந்து விழுந்து பொதுமக்களுக்கு உயிர்ச்சேதம் ஏற்படும் அபாய நிலையில் உள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." எழுதி முடிச்சுப் படிச்சுப் பாத்தேன். நல்லா வந்திருந்துச்சு.

ஒம்பதாவது நாள் ஜீப்பு வந்துச்சு. எஞ்சினியர் ஒருத்தர், கூட ரெண்டு பேரு. ஒரு கம்ப எடுத்து உத்தரத்தத் தட்டிப் பாத்தாரு. சுவத்தத் தடவிப் பாத்தாரு. மேல ஏறி நடந்து பாத்தாரு. கீழ வந்து கையத் தொடச்சுக்கிட்டே கேட்டாரு.

"நீங்கதான எழுதினது?"

"ஆமாங்க சார்."

"கட்டடம் திடமாத்தான் இருக்குது. மூலையில மட்டும் பூச்சு வேலை. மூணு நாள் வேலை."

"அதைத்தானுங்க சார் நானும் கேக்கறேன்."

"நீங்க அதைக் கேக்கலையே. இடிஞ்சு விழும், உயிர்ச்சேதம் ஆகும்னு எழுதியிருக்கீங்க. இது பைல்ல ஏறியாச்சு. நான் நல்லா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஒரு செங்கல் எவன் தலையிலயாவது விழுந்தா, உங்க லெட்டரைக் காட்டி என்னைத்தான கேப்பாங்க?"

நல்ல மனுசன்தானுங்க. கோவமாப் பேசலை. அவருக்கும் ரெண்டு பொண்ணுகளாம். செவப்பு எழுத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னாரு. அபாயகரமான கட்டடம், உள்ளே நுழையத் தடை. பூட்டுப் போட்டு, சாவிய எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு வியாழக்கிழமை.

நான் அன்னைக்கே இன்னொரு லெட்டர் எழுதினேன், மிகைப்படுத்தி எழுதிவிட்டேன், கட்டடம் நன்றாகவே உள்ளதுன்னு. எழுதி ஆபீஸ் கொண்டு போனேன். அங்க இருந்த கிளார்க் படிச்சுட்டு என்னை ஏற எறங்கப் பாத்தாரு. "இதைக் குடுத்தீங்கன்னா மொதல்ல எழுதினது பொய்யின்னு ஆகும். பொய்த் தகவல் குடுத்ததுக்கு மெமோ வரும். ரிடையராக எத்தனை வருசம் இருக்குது?"ன்னாரு. ரெண்டு வருசம்னேன். லெட்டரை மடிச்சு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு. நான் என்னங்க பண்றது? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

ஞாயித்துக்கிழமை நான் வரவேண்டிய அவசியமே இல்லீங்க. ஆனா வந்தேன். பத்தொம்பது வருசப் பழக்கம். வந்தா, தண்டபாணி அந்த நோட்டீஸ எழுத்துக் கூட்டி வாசிச்சுக்கிட்டு நிக்கறாரு. அ... பாய... கர... மானன்னு.

"சார், இது என்னங்க சார்?"

சொன்னேன். லெட்டரைப் பத்திச் சொல்லலை, கட்டடத்தப் பூட்டிட்டாங்கன்னு மட்டும் சொன்னேன்.

"பாப்பா வருமே சார், பத்து மணிக்கு."

"வந்தா வெளிய நின்னு பேசுங்க."

பத்து மணிக்கு ஸ்கூட்டர் வந்துச்சு. கொழந்தை எறங்கி ஓடி வந்துருச்சு. பூபதி நோட்டீஸப் படிச்சாரு. படிச்சுட்டு, "இனியா, வண்டியில ஏறு"ன்னாரு.

தண்டபாணி கையக் கூப்பினாரு. "மச்சான், இந்தப் படியிலயே உக்காந்துக்கறோம். நீங்களும் இருங்க. ரெண்டு மணி நேரம்."

"உள்ளேன்னு எழுதியிருக்குது. படின்னு எழுதலை. ரோட்டுல வெச்சு நீங்க புள்ளையத் தூக்கிட்டு ஓடினா நான் கோர்ட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

தண்டபாணி என் பக்கம் திரும்பினாரு. "சார். சாவி உங்ககிட்டத்தான இருக்குது? ஒரு ரெண்டு மணி நேரம் தொறந்து விடுங்க சார். ஒரு ஓரமா உக்காந்துக்கறோம். பேசக்கூட மாட்டோம்."

சாவி என் சட்டைப் பையிலதானுங்க இருந்துச்சு. கை வெச்சா தட்டுப்படும்.

கொழந்தை வேற எங்கிட்ட வந்து, "அங்கிள், எங்க புஸ்தகம் உள்ள பத்திரமா இருக்குதா?"ன்னு கேக்குது.

"இருக்குது கண்ணு."

"அறுபத்தி நாலாம் பக்கம் வந்திருக்கறோம்."

கூரை விழாதுங்க. எனக்குத் தெரியும். எஞ்சினியருக்குத் தெரியும். ஆனா விழும்னு எழுதி என் கையெழுத்து இருக்குது. அந்தக் கையெழுத்தப் போட்டவனே பூட்டத் தொறந்து ஒரு கொழந்தைய உள்ள விட்டான்னு நாளைக்கு ஒரு வார்த்தை வந்தா? பூபதி எதிர்ல நிக்கறாரு, அவரே எழுதிப் போட்டுருவாரு. "விதி இல்லீங்க தண்டபாணி"ன்னேன்.

அவரு திரும்பக் கேக்கலீங்க. அதுதான்... ஒரு தடவ திட்டியிருந்தாக்கூடப் பரவால்லை. கொழந்தை தலையத் தடவிக் குடுத்து, "அடுத்த வாரம் பாக்கலாம் சாமி"ன்னு வண்டியில தூக்கி உக்கார வெச்சாரு. அது திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. அழுகலை. அதுக்கு அடுத்த வாரம்னுதான நெனப்பு.

அடுத்த வாரமும் பூட்டுத்தான். அதுக்கடுத்த வாரம் ஸ்கூட்டர் வரலை.

ஒரு மாசத்துல புஸ்தகத்த எல்லாம் மூட்டை கட்டச் சொல்லி உத்தரவு வந்துச்சு. மூணு மைல் தள்ளி இன்னொரு கிளையில ஒரு ரூம்பு ஒதுக்கி, என்னையும் அங்க போட்டாங்க. கழிச்சுக்கட்டுன பழைய பத்திரிகைகள மட்டும் நான் ஊட்டுக்குக் கொண்டு போனேன். பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வரலை. எங்க ஊட்டு மாடி சும்மாதான் கெடக்குது. பையன் பெங்களூரு போனதுல இருந்து யாரும் ஏறறதில்லை. நல்ல காத்தோட்டமான ரூம்பு, ரெண்டு ஜன்னல், வெளியில தனிப் படிக்கட்டு. அங்க அடுக்கி வெச்சேன்.

தண்டபாணி அந்தக் கிளைக்கும் தேடி வந்தாரு. "இங்க வெச்சுப் பாத்துக்கலாமான்னு கேட்டேன் சார். இது வேற பேரு போட்ட லைப்ரரி, உத்தரவுல இது இல்லைன்னுட்டாரு மச்சான். உத்தரவ மாத்தறதுக்கு மனு போடணுமாம். சுங்கத்தோட்டம் லைப்ரரி இப்ப இங்கதான் நடக்குதுன்னு நீங்க ஒரு சர்டிபிகேட் குடுத்தா சுருக்கா முடியும்னு வக்கீல் சொல்றாரு"ன்னாரு.

நியாயமான கோரிக்கை. ஆனா கோர்ட்டுல காட்டற சர்டிபிகேட்ட நானா குடுக்க முடியுமுங்களா? மேலிடத்து அனுமதி வேணும். அன்னைக்கே அனுமதி கேட்டு எழுதினேன். ஒரு நாள் தாமதம் பண்ணலீங்க. வாரா வாரம் அவரு வருவாரு. பட்டறையில இருந்து நேரா, கையெல்லாம் கல்லுத் தூளு. "வந்துருச்சுங்களா சார்?" "இன்னும் வரலை." "சரிங்க சார்." அவ்வளவுதான் பேச்சு.

நடுவுல ஒரு நாள் சுகந்தியே போன் பண்ணிச்சு.

"சார், எனக்கு லைப்ரரிதான்னு ஒண்ணும் இல்லை. நீங்க இருக்கற எடம் எதுன்னாலும் எனக்குச் சம்மதம். நீங்க சொன்னா அண்ணனும் தட்டமாட்டாரு. பாப்பா தினம் கேக்கறா. எங்காச்சும் ஒரு எடம் சொல்லுங்க சார்."

அந்தப் பொண்ணு எம்மேல வெச்சிருந்த மரியாதை அப்படி. "எங்கையில எடம் இருந்தாச் சொல்ல மாட்டனா அம்மிணி? ஒரு கிளை நூலகனால என்ன செய்ய முடியும்? அனுமதிக்கு எழுதியிருக்கேன், வரட்டும்"னேன். "சரிங்க சார், உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன்"னு போன வெச்சிருச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலைங்க. சம்சாரம் கேட்டா. சொன்னேன். அவ மேல மாடிப் பக்கம் ஒருக்காப் பாத்தா, அப்புறம் தட்ட எடுத்துட்டுப் போயிட்டா. அன்னையில இருந்து அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவா. பொம்பளைகளுக்கு ஆபீஸ் நடைமுறை புரியறதில்லை.

அனுமதி வந்துச்சுங்க. வராம இல்லை. ஏழாவது மாசம். சர்டிபிகேட்ட டைப் அடிச்சு, சீல் வெச்சு, நானே பட்டறைக்குக் கொண்டு போனேன். தண்டபாணி வாங்கிப் படிச்சாரு. முன்ன மாதர இல்லை, சரளமாவே படிச்சாரு.

"அவங்க ஓசூரு போயிட்டாங்க சார். சுகந்திக்கு அங்க கம்பெனியில வேலை. போன மாசம்."

"அப்ப இது?"

"இருக்கட்டும் சார். வக்கீல்கிட்டக் குடுக்கறேன்."

அப்புறமும் வழக்கு நடந்துச்சு. ஜட்ஜ் மாறினாரு, கோடை லீவு வந்துச்சு, வாய்தா மேல வாய்தா. எனக்கும் ரிடையர்மெண்ட் ஆச்சு. மாலை போட்டாங்க, ஒரு கடிகாரம் குடுத்தாங்க. புஸ்தக மூட்டையெல்லாம் அந்தக் கிளை ரூம்புலயே கெடந்துச்சு. பாதியக் கரையான் தின்னுருச்சுன்னு கேள்வி. நான் போய்ப் பாக்கலை. பாத்து என்ன ஆகப் போகுது?

இங்க பேப்பர் படிக்க வந்த பெரியவங்க கொஞ்ச நாளு டீக்கடை பெஞ்சுல உக்காந்தாங்க. கடைக்காரரு, எத்தனை நேரம்தான் சும்மா உக்காருவீங்கன்னு கேட்டிருக்காரு. அப்புறம் வர்றதில்லை. நாலு வருசத்துல மூணு பேரு போயும் சேந்துட்டாங்க. நோட்டீஸ் போர்டு இல்லை, எழுதிப் போட எடமும் இல்லை. ஒருத்தரு செத்தது எனக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

போன வருசம் திடீர்னு பழமையான கட்டடம்னு ஒரு திட்டத்துல இதைச் சேத்துட்டாங்க. எப்படிச் சேந்துச்சுன்னா, என் பதினேழாவது லெட்டரு பைல்ல மேலாப்புல இருந்துச்சாம். உயிர்ச்சேதம்ங்கற வார்த்தையப் பாத்து முன்னுரிமை குடுத்தாங்களாம். அந்த எஞ்சினியர் சொன்ன அதே பூச்சு வேலைதான். கூட டைல்சு, பெயிண்ட்டு. உத்தரத்துல கை வைக்கலை, அது அப்படியே நிக்குது.

தண்டபாணிக்கு அழைப்பிதழ் குடுக்கணும்னு தோணுச்சுங்க. முந்தாநாள் போனேன். பட்டறை முன்ன இருந்த மாதரயேதான். தண்ணிய ஊத்தி ஊத்திக் கல்லத் தேச்சுக்கிட்டிருந்தாரு. முடி நெம்ப நரைச்சிருச்சு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு.

"லைப்ரரி தொறக்கறாங்க தண்டபாணி. புதன்கிழமை. நீங்க அவசியம் வரணும்."

"சந்தோசம் சார். நல்லா வேலை பண்ணியிருக்காங்கன்னு ரோட்டுல போறப்பப் பாத்தேன்."

கேக்கலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. கேட்டுட்டேன். "பாப்பா எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கறா சார். பன்னண்டு வயசு முடிஞ்சிருச்சு. வகுப்புல மொதல்ல வர்றாளாம். உத்தரவு மாறி வந்துச்சு சார், ஒண்ணரை வருசம் கழிச்சு. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, ஓசூர்லயே ஒரு பார்க்குல. போனேன். மூணு மாசம் போனேன். நாலாவது மாசம் அவளுக்கு டியூசன் இருந்துச்சு. அப்புறம் நானே போன் பண்ணிக் கேட்டேன், இந்த மாசம் வரட்டுமா சாமின்னு."

குடத்துல இருந்து தண்ணிய மொண்டு கல்லு மேல ஊத்தினாரு.

"உங்களுக்கு எதுக்குப்பா அலைச்சல்னா சார். கோவமாவெல்லாம் இல்லை. நல்ல விதமாத்தான் சொன்னா. எம்மேல அக்கறையாத்தான் சொன்னா."

விழாவுக்கு வாங்கன்னு மறுபடியும் சொன்னேன். அழைப்பிதழ நீட்டினேன். ரெண்டு கையும் ஈரமா இருந்துச்சு அவருக்கு. தூக்கிக் காட்டினாரு.

"அந்தப் பலகை மேல வெச்சுட்டுப் போங்க சார்"னாரு.

வெச்சுட்டு வந்தேன்.